வீட்டுக்குள் ஒரு வெளிநாடு

அவளை வீட்டில் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அப்பா. ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வது அவர் வேலை. தன் சர்வீஸில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த ஒரே வண்டி தன் மகள்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். டாக்டர் குறித்த தேதியைக் காற்றில் பறக்கவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பையைக்கூட எடுத்து வைக்க விடாமல் பிறந்தவள். அப்படிப்பட்டவள் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு காலில் சக்கரம் கட்டிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஒரு வருடம் வெளிநாடு போய்ச் சுற்றிவிட்டு, வந்து கல்லூரியில் சேர்கிறேன் என்றாள். கல்லூரிக்காரர்கள்கூட இடத்தை ஒரு வருடம் வைத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள். இதற்கு கேப் இயர் என்று பெயராம். பணக்கார வீட்டுப் பிள்ளை போனால் கேப் இயர், நம்ம வீட்டுப் பிள்ளை போனால் ஓடிப்போய்விட்டது என்று பெயர், என்று சித்தி சொன்னாள். சித்தி அம்மாவின் தங்கை. மாடியில் குடியிருந்துகொண்டு பியூட்டி பார்லர் நடத்துகிறவள். எந்த விஷயத்திலும் முதல் வார்த்தை அவளுடையது.

பணமா? அதற்குத்தான் எக்ஸ்பிரஸ் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறுகளில் கேக் கடையில் பெட்டி மடித்துச் சேர்த்தது, பக்கத்து வீட்டு வாண்டுகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது, எல்லாம் போக வர டிக்கெட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போனபின் கையில் கொஞ்சம்தான் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில் ஒரு வருடம் ஓட்ட வேண்டும். பண்ணைகளில் பாதி நாள் வேலை செய்தால் படுக்க இடமும் சாப்பாடும் தருவார்களாம். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டில் தங்கி அவர்களுடைய பூனைக்குச் சோறு போட்டால் வாடகையே கிடையாதாம். ராத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டால் அன்றைக்கு ரூம் செலவு மிச்சம். கூட்டம் போகிற மாதத்தில் போகக் கூடாது, யாரும் போகாத மாதத்தில் போனால் டிக்கெட் பாதி விலை. இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேஜையில் நின்றுகொண்டு சொன்னபோது அப்பாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "நானும் வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டார்.

அம்மா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டில் அப்பாவின் சம்மதம் என்பது கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மாதிரி, இருந்தால் அழகு. முடிவு அம்மாவுடையது. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பேங்க் மேனேஜரிலிருந்து பல் டாக்டர் வரை அவளைக் கண்டால் இன்றைக்கும் தங்களையறியாமல் சீட் பெல்ட்டைத் தடவுவார்கள். அவள் போகாதே என்றால் எக்ஸ்பிரஸ் போகப் போவதில்லை. மீறிப் போகிற ஜாதி அவள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

கடைசியில் அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னாள். "யாரையும் நான் எடுத்த எடுப்புல ரோட்டுல விட்டதில்ல. முதல்ல மைதானம். ஒரு வாரம் இந்த வீடுதான் வெளிநாடு. நீ போட்ட பட்ஜெட்டுலயே இங்க இருந்து காட்டு. அப்புறம் சொல்றேன்."

கூடவே ஒரு நிபந்தனை. அந்த ஒரு வாரத்தில் இந்த வீட்டில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. அம்மா, அப்பா என்று ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டாலும் ஆட்டம் முடிந்தது. கல்லூரியில் சேர வேண்டியதுதான்.

அம்மாவிடம் முதல் டெஸ்டிலேயே பாஸானவர்கள் ரொம்பக் கம்மி. ஃபெயிலாக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது எக்ஸ்பிரஸுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேறு வழி? சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், விமானத்தில் வந்து இறங்கியதாகப் பாவித்துத் திரும்பி வந்தாள். வாசலில் இஸ்திரி மேஜையைக் குறுக்கே போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தலையில் ரயில்வே தொப்பி. அவர்தான் குடியேற்ற அதிகாரி. அவருக்கு வந்ததே வாழ்வு! இத்தனை நாளும் முகம் தெரியாமல் மைக்குக்குப் பின்னால் பேசியவருக்கு முதல் தடவையாக ஆளை நேரில் பார்த்துப் பேசும் வாய்ப்பு.

"பயணியின் கனிவான கவனத்திற்கு. தாங்கள் எதன் பொருட்டு எமது நாட்டுக்கு வந்துள்ளீர்கள்?"

அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். அதிகாரி முகத்தைச் சுளித்து, சிரிப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி தெருமுனை. இரண்டாம் தடவை, கையில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கொஞ்சம் என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் என்பது ஒரு தொகையா? மறுபடி தெருமுனை. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, வெயிலில் பையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து, வீட்டில் துரத்திவிட்டார்களா, வேண்டுமானால் இங்கே வந்து சாப்பிடு என்று கூப்பிட்டாள். மூன்றாம் தடவை எக்ஸ்பிரஸ் சிரிக்காமல், திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது, தங்குமிடம் இது, கையிருப்பு இவ்வளவு என்று மடமடவென்று ஒப்பித்தாள். அதிகாரி அவள் பாஸ்போர்ட்டில், அதாவது பழைய நூலக அட்டையில், உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி மையில் தொட்டு முத்திரை குத்தினார்.

உள்ளே போனால் விடுதிக்காரியாக அம்மா. வெளிநாட்டுக்காரிக்குத் தமிழ் எப்படித் தெரியும்? அதனால் அம்மா ஒரு புதுப் பாஷை பேசினாள். அவளுக்குத் தெரிந்த பாஷை எது? வண்டியின் உதிரிபாகங்கள்தான். "ரேடியேட்டர் கியர்பாக்ஸ்?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். எக்ஸ்பிரஸ் திருதிருவென்று விழித்தாள். அம்மா கையை நீட்டி "டிஃபரன்ஷியல், டிஃபரன்ஷியல்" என்றாள். காசு கேட்கிறாள் போலிருக்கிறது. கொடுத்ததும் "கிளட்ச்" என்று திருப்தியாகத் தலையாட்டி, ஹாலில் மடக்குக் கட்டிலைக் காட்டினாள். எக்ஸ்பிரஸின் சொந்த அறைக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

சும்மா சொல்லக் கூடாது, பெண்ணுக்குக் காது கூர்மை. மறுநாள் மத்தியானத்துக்குள் பாஷை பிடிபட்டுவிட்டது. கிளட்ச் என்றால் ஆமாம். கார்புரேட்டர் என்றால் கிடையாது. ரேடியேட்டர் வெந்நீர், அதற்குத் தனிக் காசு. காசு கொடுக்க மனசில்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். தங்குவதற்குப் பதிலாக வேலை செய்கிறேன் என்று கையால் ஜாடை காட்டி, "கிளட்ச்?" என்று கேட்டாள். விடுதிக்காரி யோசித்து, வாசலில் நின்ற இரண்டு பயிற்சிக் கார்களையும் ஒரு வாளியையும் காட்டினாள். கழுவி முடித்த பிறகு சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "கார்புரேட்டர்" என்று இரண்டாம் தடவை கழுவ வைத்தாள். பெற்ற தாய் செய்கிற காரியமா இது?

இதில் கூத்து என்னவென்றால் பாஷை விடுதிக்காரியின் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதன்கிழமை ஒரு துணிக்கடைக்காரர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். நடுரோட்டில், மேடம், கொஞ்சம் ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் அம்மா கண்டிப்பான குரலில் கார்புரேட்டர் என்று சொல்லிவிட்டாள். மனுஷன் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். பின்னால் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கிறது. அன்று சாயங்காலம் அம்மா இதைப் பார்லரிலிருந்த சித்தியிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சொல்லி முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மடக்குக் கட்டிலில் படுத்திருந்த வெளிநாட்டுப் பயணி அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுப் போனாள். அம்மா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை திருட்டு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற நடை பஸ் நிலையமாம். அப்பா முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் பின்னால் துரத்தியவள் கதவில் காலை இடித்துக்கொண்டாள். சுண்டுவிரல் போய்விட்டது என்றே நினைத்தாள். வலியில் தமிழ் வாய் எதைச் சொல்லும்? "அம்" வரைக்கும் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து விடுதிக்காரி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பெண் பல்லைக் கடித்து, கண்ணை மூடி, பெருங்குரலில் "அம்...புஜம் அத்தே!" என்று அலறினாள். அந்தப் பெயரில் அவர்கள் வம்சத்திலேயே யாரும் கிடையாது. விடுதிக்காரி கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புகார் கொடுக்கப் போனால் போலீஸ்காரரும் அதே அப்பா, கைக்குட்டை மட்டும் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கள்வனின் அடையாளம் கூறுக என்றார். வழுக்கை என்றாள். போலீஸ்காரர் மனம் புண்பட்டு, நெற்றி சற்று அகலம் என்று திருத்திக்கொண்டார். இத்தனை திறமையும் காட்டிய திருடர், போனை எங்கே ஒளித்தோம் என்பதை மறந்துவிட்டார். வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியில் அதன் அலாரம் அவருடைய ஷூவுக்குள்ளிருந்து அடித்தது. அதற்குள் எக்ஸ்பிரஸ் சளைக்காமல் எதிர்வீட்டில் போன் வாங்கி, மனப்பாடமாக வைத்திருந்த போன் கம்பெனி எண்ணுக்கு அழைத்துத் தன் சிம்மை முடக்கிவிட்டிருந்தாள். அப்பா பெருமையில் விசில் அடித்தார். திருடன் விசில் அடிக்கலாமா என்று விடுதிக்காரி அதட்டினாள்.

வெள்ளிக்கிழமை சித்தி மாடியிலிருந்து வந்தாள். அவளையும் பக்கத்துக் கட்டில் பயணியாக்கிவிட்டார்கள். அந்த மகராசி ஃபிரிஜ்ஜில் எக்ஸ்பிரஸ் பெயர் எழுதி வைத்திருந்த முட்டைகளை அவித்துத் தின்றுவிட்டு, எனக்கு உங்க பாஷை படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எக்ஸ்பிரஸுக்குக் காய்ந்த ரொட்டிதான். பட்ஜெட்டைத் தாண்டி ஒரு காசு எடுக்கவில்லை. பசியில் முகம் சுண்டிப்போனதை விடுதிக்காரி பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்த குழம்பை மூடி வைத்துவிட்டு, சட்டென்று வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருவரும்தான். அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார். விடுதிக்காரி சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கைக் கொட்டி, ஒரு கத்தியை அவள் பக்கம் தள்ளினாள். தோல் சீவிக் கொடுத்தால் சாப்பாடு உண்டு என்று அர்த்தம். இருவரும் ஆளுக்கு நாலைந்து கிழங்கு சீவினார்கள். பிறகு விடுதிக்காரி கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தமிழில் பேசினாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று எக்ஸ்பிரஸ் கேட்கவில்லை.

"உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

அம்மாவின் வாயிலிருந்து "உங்க" என்று மரியாதையாகக் கேட்டு அவளுக்கு என்னவோ போலிருந்தது. ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரு அப்பா, கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற ஒரு அம்மா என்று சொன்னாள்.

"அம்மா எப்படிப்பட்டவங்க?"

நிபந்தனைப்படி எதிரே இருப்பது அம்மா இல்லை. அதனால்தான் அவளுக்கு வாய் வந்தது.

"ரொம்பத் தைரியசாலி மேடம். ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாத ஆளை டிரைவர் சீட்டுல உக்கார வெச்சுக்கிட்டு லாரிக்கு நடுவுல போவாங்க. ஊருக்கெல்லாம் கத்துக் குடுத்தாங்க. எனக்கு மட்டும் கத்துக் குடுக்கல. லைசென்ஸ் வயசு வந்தப்புறம் கேட்டா, அப்புறம் பாக்கலாம்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அப்புறம்தான். என்மேல நம்பிக்கை இல்ல போலிருக்கு."

விடுதிக்காரியின் கத்தி நின்றது.

"நம்பிக்கை இல்லாம இருக்காது" என்றாள். "அவங்ககிட்ட கத்துக்க வர்றவங்க என்ன பண்ணுவாங்க? ஓட்ட வந்ததும் ஒரு டப்பா ஸ்வீட்டைக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒருத்தர் திரும்பி வந்ததில்ல. கத்துக் குடுத்தாப் போயிடுவாங்கன்னு அவங்களுக்குப் பழகிப்போச்சு. உங்களையும் அப்படி அனுப்ப மனசு வந்திருக்காது."

இத்தனை நாள் எக்ஸ்பிரஸ் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. சொன்னால் ஃபெயில் என்று நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அந்த முகத்துக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மேடம். ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. போய் இறங்கினதும் யாரையுமே தெரியாதேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருக்கேன். வீட்டுல சொன்னா, அப்பப் போகாதேன்னுடுவாங்க. அதான் சொல்லல. ஆனா போகணும். பயத்தோடயாவது போகணும்."

அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். எதிரே இருந்தவள், சீவிய கிழங்கையே மறுபடி எடுத்துச் சீவினாள். அது சுண்டைக்காய் அளவுக்கு வந்த பிறகு பாத்திரத்தில் போட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு தடவை பரிமாறப்பட்டது, காசு கேட்கப்படவில்லை. எக்ஸ்பிரஸுக்கு அதைப் பார்த்து இன்னும் பயம் வந்தது. ஃபெயிலான ஆட்களுக்குத்தான் அம்மா காபி வாங்கிக் கொடுத்து அனுப்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாரம் முடிந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு, பயணத்தை இத்துடன் நிறைவு செய்கிறோம் என்று தழுதழுத்த குரலில் அறிவித்தார். சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, தீர்ப்பு என்ன என்று சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எக்ஸ்பிரஸ் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கல்லூரி எப்போது திறக்கிறார்கள் என்றுகூட மனதுக்குள் நினைத்துப் பார்த்துவிட்டாள்.

அம்மா அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. வந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டம் முடிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பேசியது விடுதிக்காரி.

"உங்க அம்மா காலையில இங்க வந்திருந்தாங்க."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். சித்தி அவர் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள்.

"அவங்களே உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தாங்க. சொல்ல ஆரம்பிச்சா அழுகை வந்துடுதாம். அதான் என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. நீங்க போகலாமாம். பயப்படறவங்கதான் கண்ணாடி பாத்து ஓட்டுவாங்க, பயமே இல்லாதவங்களைத்தான் அவங்க ரோட்டுல விடமாட்டாங்களாம்."

எக்ஸ்பிரஸுக்கு வீடு ஒரு சுற்றுச் சுற்றியது. குதிக்க வேண்டும் போலிருந்தது, ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, கடைசியில் விக்கல்தான் வந்தது.

"இப்ப அவங்க எங்க மேடம்?"

"வாசல்ல வண்டியில உக்காந்திருக்காங்க. நீங்க கிளம்புறதுக்குள்ள உங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுத்துடணுமாம்." விடுதிக்காரி வாசலுக்கு இரண்டடி வைத்து, நின்று, திரும்பினாள். "நீங்க மெதுவா வாங்க. அவங்க முகம் கழுவிட்டுப் போய் உக்காரணும்."

எக்ஸ்பிரஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் போனாள். விக்கிக்கொண்டே, வாசலின் ஒவ்வொரு படியிலும் நின்று, ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே அப்பாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கார் நின்றது. இடதும் வலதும் பார்க்காமல், நெற்றியில் தண்ணீர் சொட்ட, அம்மா பயிற்சியாளர் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சீட்டுக் கதவு திறந்திருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

"சீட்டை முன்னாடி இழுத்துக்கோ" என்றாள் அம்மா. "கண்ணாடியைச் சரி பண்ணு. பின்னாடி என்ன தெரியுது?"

"அப்பா தெரியறாரு. அழறாரு."

"அவரு அழட்டும். நீ முன்னாடி பாத்து வண்டியை எடு."